வேப்பிலை கட்டாத கேற்

மகன்,

உன் செய்தியைப் பார்த்தேன். "அம்மா, மாமியிட்டைப் போய் மன்னிப்புக் கேளுங்கோ. அவ வந்து பாலறுகு வைக்காட்டி நான் தோயமாட்டன்" என்று எழுதியிருக்கிறாய். கலியாணத்தன்று உன்னைக் குளிப்பாட்டித் தோய வார்க்கும்போது, தலையில் முதலில் பாலும் அறுகும் வைக்கிற கை உன்னை வளர்த்த கையாக இருக்க வேண்டும் என்று நீ விரும்புவதில் எனக்கு மறுப்பில்லை. நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள். பாலறுகு, உன் அப்பாவைக் கட்டிய பிறகு நான் பழகிக்கொண்ட சடங்கு. ஆனாலும் அதில் அவருடைய அக்காவுக்கு உள்ள இடம் எனக்குத் தெரியும். செய்யாத குற்றத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதுதான் தெரியாமல் இருந்தது. இதைத் தொலைபேசியில் கதைக்க முடியாது. நீ மெல்பேணில் இருந்து கோபிப்பாய், நான் விளக்கம் சொல்வேன், உன் அப்பா இடையில் வந்து மழையைப் பற்றிக் கதைப்பார். ஆகவே எழுதுகிறேன். மாமி வருவாவா இல்லையா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. பாடத்தைத் தாண்டி விடையைப் பார்க்கிற பழக்கம் உனக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கிறது.

நீ உயர்தரத்துக்குக் கணிதம் எடுத்தவன். தாய் உயிரியல் படிப்பிக்கிற வீட்டில் பிள்ளை அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை என்று ஆசிரியர் அறையில் எனக்கு நிறையப் பகிடிகள் கிடைத்தன. கொக்குவிலில் இருந்து வட்டுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததை உனக்கு ஒருநாளும் சொல்லித் தரவில்லை. இப்போது படி. என் உடம்பே செய்முறைப் பரிசோதனை ஆகிவிட்டதால் உபகரணங்களும் தேவையில்லை.

உடம்பு கலங்களால் ஆனது. இந்தியப் புத்தகங்களில் செல் என்று இருக்கும், நாங்கள் கலம் என்று படித்தோம். ஒவ்வொரு கலத்துக்கும் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது தானாகச் சாக வேண்டும் என்பது தெரியும். நிறுத்த மறந்துபோன ஒரு கலமும் அதன் பரம்பரையும்தான் என் இடது மார்பில் இருந்த கட்டி. அதை வெட்டி எடுத்தார்கள். எங்காவது ஒளிந்திருக்கக்கூடிய மிச்சத்தை அழிக்க, நாளத்தில் மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்துக்கு ஆள் தெரியாது. வேகமாகப் பிரிகிற எந்தக் கலத்தையும் அது அடிக்கும். மயிர்க்கால்கள் வேகமாகப் பிரிகின்றன, அதனால் என் தலை மொட்டை. வாய்க்குள்ளும் குடலிலும் உள்ள உட்போர்வை ஓயாமல் புதுப்பிக்கப்படுவது, அதனால் வாயெல்லாம் புண். தலைமயிர் கொட்டி முடிந்த நாளில் உன் அப்பா என்னைப் பார்த்து, "வடிவாத்தான் இருக்கிறீர்" என்றார். அது பொய். ஆனால் சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார், ஆகவே நான் திருத்தவில்லை.

இனி முக்கியமான பகுதி. எலும்புகளுக்குள் மச்சை இருக்கிறது. குருதியில் உள்ள கலங்கள் பிறப்பது அங்கேதான். அவற்றில் நியூற்றோபில் என்று ஒரு வெண்குழியம் உண்டு. கிருமி நுழைந்த இடத்துக்கு ஓடி வந்து, அதை விழுங்கி, தானும் செத்துப்போவது அதன் வேலை. புண்ணில் வருகிற சீழ் என்று நாங்கள் அருவருக்கிறது பெரும்பாலும் இவற்றின் பிணங்கள். ஆயுள் குறைவு என்பதால் மச்சை இவற்றை இடைவிடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஊசி மருந்து மச்சையையும் அடிப்பதால், ஏற்றி ஒரு கிழமைக்குப் பிறகு சில நாட்கள் என் குருதியில் நியூற்றோபில் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அந்த நாட்களில் எனக்குக் கிருமி தொற்றினால் சீழ் வராது, வீக்கம் வராது, சிவக்கக்கூட மாட்டாது. காய்ச்சல் மட்டும் வரும். வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தப்பாது. டொக்டர் இதைச் சொல்லிவிட்டு, "வீட்டிலை ஆக்களைச் சேர்க்காதேங்கோ ரீச்சர்" என்றார். சொல்வது அவருக்கு இலேசு.

எங்கள் ஆட்கள் வருத்தம் பார்க்கப் போகிற விதம் உனக்கு மறந்திருக்காது. யாருக்காவது சுகமில்லை என்று கேள்விப்பட்டால் போயே ஆக வேண்டும். திராட்சை, அப்பிள், ஒரு பால்மாப் பேணி. வருத்தக்காரரின் கட்டிலில் ஏறி இருந்து, கையைப் பிடித்து, இதே வருத்தத்தில் செத்துப்போன இன்னொருவரின் கதையை விபரமாகச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவார்கள். போகாவிட்டால் அது வாழ்நாள் முழுக்க நினைவில் இருக்கும். முதல் ஊசிக்குப் பிறகு வந்தவர்களை நான் எண்ணவில்லை. இரண்டாவது ஊசிக்கு முன்பே உன் அப்பாவிடம் சொல்லி கேற்றுக்குப் பூட்டு வாங்குவித்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் காரணத்தையும் விளங்கப்படுத்தினேன். எல்லாரும் "ஓம் ஓம்" என்றார்கள். மாமியும் ஓம் என்றுதான் சொன்னா.

கலங்கள் அடிமட்டத்தில் இருந்த ஒரு பின்னேரம் ஓட்டோ வந்து நின்றது. மாமி இறங்கினா. சுன்னாகத்தில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறா. மூக்கை உறிஞ்சுகிறா, கையில் திராட்சைப் பை. உன் அப்பா ஓட்டோச் சத்தம் கேட்டதுமே கேற்றுப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் மறைந்துவிட்டார். தமக்கைக்கும் மனைவிக்கும் நடுவில் அகப்பட்டால் அவர் எப்போதும் கிணற்றடிக்குத்தான் போவார். நான் விறாந்தையில் நின்றேன், மாமி கேற்றுக்கு வெளியே நின்றா.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. எனக்கு இப்ப வெண்குழியம் இல்லை. உங்களுக்குத் தடிமன் வேறை. உங்கடை சளியிலை இருக்கிற சின்னக் கிருமியே என்னைக் கொண்டுபோடும்" என்றேன்.

"நான் என்ன கிருமியோ?" என்றா மாமி.

"அப்பிடி இல்லை மச்சாள். நியூற்றோபில் எண்டு ஒரு கலம்..."

"உந்தப் படிப்பெல்லாம் பள்ளிக்கூடத்திலை வையும். என்ரை தம்பியின்ரை வீட்டுக்கு நான் வரக்கூடாது எண்டதை நேரே சொல்லும்." பையைக் கேற்றில் கொழுவினா. "வருத்தம் பாக்க வந்தவையைக் கேற்றோடை அனுப்பிற வீட்டை இப்பதான் காணுறன்."

ஓட்டோ திரும்பிப் போன பிறகு உன் அப்பா கிணற்றடியில் இருந்து வந்தார், கேற்றைத் திறந்து பையை எடுத்தார். எனக்குத் தோலோடு தின்கிற பழம் தரக்கூடாது என்பதால் திராட்சை முழுவதையும் அவரே தின்றார், ஒவ்வொன்றாக. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாமி தன் ஊர் உடுவில் முழுக்கச் சொல்லிவிட்டா: "இனி அந்த வீட்டு நன்மை தின்மைக்கு நான் இல்லை." நன்மை என்றால் உன் கலியாணம், தின்மை என்றால் என் செத்த வீடு. இரண்டும் கிட்டக் கிட்ட வரக்கூடிய வருடமாக இருப்பதால், அவ சொன்னதன் அளவு எனக்கு விளங்கியது.

நீ அவவிடம் வளர்ந்தவன் என்பதை நான் மறக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும் நாட்களில் நீ உடுவிலில் அந்த வீட்டில்தான் இருந்தாய். அங்கே உனக்குக் கொப்பளிப்பான் வந்தது, உடம்பெல்லாம் அம்மைக் கொப்பளம். எனக்கு அது சின்ன வயதில் வந்ததில்லை, வளர்ந்தவர்களுக்கு வந்தால் பொல்லாதது. மாமிக்கு முன்பே வந்து போனது. ஆகவே அது மாறும்வரை உன்னைத் தன்னோடு வைத்துக்கொண்டா. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கே போவேன். கேற்றில் வேப்பிலை கட்டியிருக்கும். வெளியே நின்று கூப்பிடுவேன். மாமி விறாந்தையில் உன்னைத் தூக்கிக் காட்டுவா. நீ என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுவாய், நானும் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், நின்று அழுதுவிட்டு வீட்டுக்குப் போவேன். உனக்கு இது நினைவில் இருக்காது. உன் உடம்புக்கு இருக்கிறது. அந்த வைரசை எதிர்த்துச் சண்டை பிடித்த கலங்களில் சில இன்னும் சாகாமல், அதன் அடையாளத்தை வைத்துக்கொண்டு உன் குருதியில் திரிகின்றன. நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, என்று நாங்கள் படிப்பிக்கிறதில் பாதி இந்த ஞாபகந்தான். வைரசும் முழுதாகப் போய்விடவில்லை. உன் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு நரம்புக் கலத்துக்குள் சுருண்டு படுத்திருக்கிறது. வயது போய் உடம்பு தளரும்போது அக்கியாக வெளியே வரப் பார்க்கும். அதற்குள் தடுப்பூசி போட்டுக்கொள். உன் கலியாணத்துக்கு என் புத்திமதி இது ஒன்றுதான், மற்றவை எல்லாம் நீயே பிழைவிட்டுப் படிக்கலாம்.

மாமி கோபித்துக்கொண்டு போன அதே கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது நடுக்கம் பிடித்தது. பல் அடித்தது, கட்டில் ஆடியது. அதுவும் ஒரு பாடந்தான். மூளை உடம்பின் சூட்டை உயர்த்தச் சொல்லிக் கட்டளை போடுகிறது, தசைகள் குருதியில் உள்ள வெல்லத்தை எரித்துச் சூட்டைச் செய்கின்றன. ஒவ்வொரு தசைக் கலத்துக்குள்ளும் இழைமணிகள் அடுப்புப்போல எரிகின்றன. கொஞ்ச நேரம் நடுங்கியவர் தோட்டம் கொத்தியவரைப் போலக் களைத்துப்போவது அதனால்தான். இப்படி யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன், ஏனென்றால் வேறு எதையாவது யோசித்திருந்தால் பயந்திருப்பேன். பிறகு பயந்தேன். உன்னை இனிக் காணமாட்டேன் என்று நினைத்தேன். உன் அப்பா என்னை ஓட்டோவில் ஏற்றி, வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு, என் சகோதரிக்குச் சொல்லவா, உனக்குச் சொல்லவா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன்.

மருந்து பிடித்துக்கொண்டது, நான் தப்பினேன். குருதியில் இருந்து வளர்த்துப் பார்த்த கிருமியின் பெயரை டொக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எல்லாருடைய குடலிலும் இருக்கிற சாதாரண கிருமி. மாமியின் சளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருடக்கணக்காக என்னோடு சோறு தின்று, ஒரு கரைச்சலும் தராமல் குடலுக்குள் இருந்தது, உட்போர்வை புண்ணானதும் அந்த ஓட்டையால் குருதிக்குள் வந்திருக்கிறது. கேற்றைப் பூட்டிவிட்டு நான் காவல் இருந்தேன், வந்தது வீட்டுக்குள் இருந்தே வந்தது. உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அக்காவை உள்ளுக்கு விட்டிருக்கலாம்" என்றார். விட்டிருக்க முடியாது. அந்தக் கிழமையில் மாமியின் தடிமனும் எனக்குச் சேர்ந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இன்னொருமுறை அதே நாள் வந்தாலும் கேற்றைத் திறக்கமாட்டேன். ஆகவேதான் உன் செய்திக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. சரியாகச் செய்த ஒன்றுக்காக ஒருவரை இழப்பது எனக்குப் புதிது, அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மச்சை தேறி, குருதிப் பரிசோதனையில் கலங்கள் போதுமானவரை ஏறியதும், மன்னிப்புக் கேட்காமல் கலியாணம் சொல்வது என்று முடிவெடுத்தேன். கலியாணத்தை வீட்டுக்குப் போய்த்தானே சொல்ல வேண்டும். தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கலியாணக் கார்ட்டையும் எடுத்துக்கொண்டு தனியாக ஓட்டோவில் உடுவிலுக்குப் போனேன். உன் அப்பா வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கிணற்றடியில் வேலை இருக்கிறது என்றார்.

மாமியின் கேற் சாத்தியிருந்தது. உன்னை வெளியே நின்று பார்த்த அதே இடத்தில் நின்று கூப்பிட்டேன். மாமி விறாந்தைக்கு வந்தா. என்னைக் கண்டதும் அப்படியே நின்றா. என் முகத்தில் புருவமும் இல்லை என்பதை அவ அன்றைக்குத்தான் கிட்டப் பார்த்தா என்று நினைக்கிறேன்.

"மச்சாள், கலியாணம் சொல்ல வந்தனான்" என்றேன்.

"உமக்கு இப்ப ஆக்களோடை சேரலாமோ?"

"ஓம். இப்ப கலம் கூடியிருக்கு."

மாமி உள்ளே போனா. கேற்றைத் திறக்காமலே போய்விட்டா என்று நான் நினைத்தேன். திரும்பி வரும்போது ஒரு வாளி தண்ணீரும் சவுக்காரமும் கொண்டு வந்தா. கேற்றைத் திறந்து வாளியை என் முன்னால் வைத்தா. "கையைக் கழுவிப்போட்டு வாரும். ஓட்டோவிலை ஆர் ஆர் இருந்தவையோ." தானும் குனிந்து கழுவினா, முழங்கை வரை தேய்த்துக் கழுவினா. பிறகு கதிரையைத் துடைத்து, தன்னுடைய கதிரையில் இருந்து நன்றாகத் தள்ளிப் போட்டு என்னை இருத்தினா. கார்ட்டை வாங்கி உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தா. 

"ஒண்டு கேக்கிறன்" என்றா மாமி. "அந்தக் கலம் இந்தக் கலம் எண்டு அவ்வளவு கதைச்சீர். கேற்றிலை ஒரு கொத்து வேப்பிலை கட்டியிருந்தால் நான் ஓட்டோவை விட்டே இறங்கியிருக்க மாட்டனே. உவன் சின்னனிலை படுத்திருக்கேக்கை நான் கட்டினனான். நீர் தாய், வெளியிலை நிண்டுபோட்டுப் போனீர். என்னோடை கோவிச்சனீரோ?"

நான் கோபிக்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தொட விடாமல் வெளியே நிறுத்திய வீட்டோடு எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. அது ஏன் என்று அன்றுவரை நான் யோசித்ததும் இல்லை. எங்கள் வேதக்காரர் பக்கத்தில் வேப்பிலை கட்டுவதில்லை, அது அம்மன் சம்பந்தம் என்று விட்டுவிடுவோம். அதனால் கொத்து வேப்பிலை எனக்கு மருந்துமில்லை, சாமியுமில்லை. கேற்றில் கட்டிய வேப்பிலை ஒரு கிருமியையும் கொல்லாது என்று வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதே வகுப்பில் இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தேன். எந்தக் கலமும் இன்னொரு கலத்துக்கு விளக்கம் சொல்வதில்லை. தனக்குள் என்ன நடக்கிறது என்பதன் ஒரு சிறு துண்டை மேற்பரப்பில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். காவல் திரிகிற கலம் அதைத் தொட்டு அறிந்துகொண்டு விலகிப் போகும். இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் கீறிக் காட்டிவிட்டு, என் சொந்தக் கேற்றடியில் நின்று நியூற்றோபில் என்று கத்தியிருக்கிறேன்.

இதை நான் மாமிக்குச் சொல்லவில்லை. "எனக்கு அது தோன்றேல்லை மச்சாள்" என்று மட்டும் சொன்னேன். அவ தேத்தண்ணி போட்டுத் தந்தா. சூடாக இருந்தால் கிருமி இராது என்று நான் சொன்னதால், குடிக்க முடியாத சூட்டில் தந்தா. நான் எழும்பும்போது, "பாலறுகுக்கு வருவன். உம்மோடை இருக்கிற கோவம் இன்னும் போகேல்லை, அது வேறை" என்றா. அதுவே போதும் என்று வந்துவிட்டேன்.

போன கிழமை அடுத்த ஊசி ஏற்றினார்கள். கலங்கள் இறங்கத் தொடங்கும் நாளில் உன் அப்பா நான் சொல்லாமலே பின் வளவில் வேப்பங்கொப்பு முறித்து, கேற்றின் இரண்டு பக்கமும் கட்டினார். நான் வேதக்காரி என்பதற்காக ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா இறுக்கிக் கட்டுங்கோ" என்றேன். வருத்தம் பார்க்க வந்தவர்கள் ஒழுங்கையிலேயே திரும்பிப் போனார்கள், யாரும் முகம் கோணவில்லை. பின்னேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. மாமி. வேப்பிலையைப் பார்த்தா. இறங்கி, ஒரு பையைக் கேற்றில் கொழுவிவிட்டு, விறாந்தையில் இருந்த எனக்குக் கையைக் காட்டினா. பிறகு அன்று போலவே ஏறிப் போய்விட்டா. பைக்குள் இந்த முறை தோடம்பழம், எல்லாம் உரிக்கிற பழம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன் அப்பா அதைக் கண்டும் காணாததுபோல் பையை உள்ளே கொண்டுபோனார்.

உன் கலியாணத்துக்குள் எனக்குக் கலங்கள் ஏறிவிடும் என்று டொக்டர் சொல்கிறார். நீ வந்து இறங்குகிற நாளில் ஏறியிருக்குமா என்று அவருக்கும் தெரியாது. எனக்கு உன்னைக் கட்டிப் பிடிக்க வேண்டும், அதை மறைத்து எழுதிப் பயனில்லை. ஆனாலும் நீ வரும்போது கேற்றில் வேப்பிலை கட்டியிருந்தால் உள்ளே வராதே. பெட்டியை ஒழுங்கையில் இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிடு. அப்பா விறாந்தையில் கதிரை போட்டு என்னை இருத்துவார். ஒரு காலம் நான் உன்னைப் பார்த்ததுபோல, நீ வெளியே நின்று என்னை வடிவாகப் பார். பார்த்துவிட்டு நேரே உடுவிலுக்குப் போ. மாமி உனக்குச் சமைத்து வைத்திருப்பா.

அம்மா